படத்தைக் கெடுப்பது எழுத்து அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். புரோகிராமில் பக், அதாவது பிழை, தேடுவது பற்றியது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் நடுவில் ஓர் இடத்தில் எனக்கு இடறியது: புரோகிராமை நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர் இருக்கும்போது அங்கங்கே எழுத்தை அச்சிட்டுப் பார்த்துப் பிழை தேடுவது சோம்பேறி வேலை, அதிலும் படம் வரைகிற புரோகிராமில் அது படத்தைக் கெடுக்கத்தான் செய்யும் என்கிற பொருளில் எழுதியிருந்தார். முதல் பாதிக்கு நான் சண்டைக்கு வரவில்லை, ஆளாளுக்கு ஒரு பழக்கம். இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது. கெடுக்கும், நிச்சயமாகக் கெடுக்கும், அதனால் நானே இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன். ஆனால் கெடுத்தது எழுத்து அல்ல, அதை அனுப்பிய ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டை, நான் எழுதியிருந்த லட்சணம். அதை ஒழுங்காக எழுதிவிட்டால், படத்தின் மேல் வந்து உட்காருகிற ஒற்றை எழுத்து சொல்கிற சேதியை டீபக்கரிடமிருந்து வாங்க முடியாது. கடிதம் கொஞ்சம் நீளும், வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் படிக்கிற காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது டெக்ட்ரானிக்ஸ் 4010 வகை கிராபிக்ஸ் டெர்மினல், அதாவது கணினியோடு இணைத்த திரையும் விசைப்பலகையும். 1972-இல் வந்த சாதனம், எங்கள் கைக்கு வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. குறுக்கே 1024 புள்ளி, நெடுக்கே 780 புள்ளி. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தத் திரையில் ஒரு கோட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது. திரைக்குழாயே நினைவகம் மாதிரி வேலை செய்து, விழுந்ததை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அழிக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் அழிக்க வேண்டியதுதான்: 27, 12 என்று இரண்டு எண்களை அனுப்பினால் திரை முழுக்கப் பச்சையாக ஒரு தடவை பளிச்சிட்டு வெறுமையாகும், அது முடிகிறவரை புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கணினிக்கும் டெர்மினலுக்கும் நடுவில் ஒரே ஒரு சீரியல் லைன், பிட் பிட்டாக வரிசையில் அனுப்புகிற கம்பி. எழுத்து போவதும் அதில்தான், கோடு போவதும் அதில்தான், வினையே இங்கேதான். 29 என்ற எண் போனால் டெர்மினல் கோடு போடும் நிலைக்கு மாறும், 31 போனால் எழுத்து நிலைக்குத் திரும்பும். கோடு நிலையில் இருக்கும்போது நீங்கள் என்ன அனுப்பினாலும் அதை எழுத்தாகவே அது பார்க்காது, ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிற எண்ணின் ஒரு துண்டாகத்தான் பார்க்கும். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் (எக்ஸ் என்பது குறுக்கே உள்ள தூரம், ஒய் என்பது உயரம்). ஒய்-யின் மேல்பாதி, ஒய்-யின் கீழ்ப்பாதி, எக்ஸின் மேல்பாதி, எக்ஸின் கீழ்ப்பாதி, ஒவ்வொன்றிலும் ஐந்து பிட். மேல்பாதி இரண்டும் 32 முதல் 63 வரையுள்ள எண்களில் போகும், ஒய்-யின் கீழ்ப்பாதி 96 முதல் 127 வரை, எக்ஸின் கீழ்ப்பாதி 64 முதல் 95 வரை. மாறாத துண்டுகளை அனுப்பாமலே விடலாம், பழையதை டெர்மினல் ஞாபகம் வைத்திருக்கும், ஆனால் எக்ஸின் கீழ்ப்பாதி மட்டும் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் அது வந்து சேர்ந்த நொடியில்தான் கோடு விழும்.

இப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற ஆஸ்கி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 64-க்கும் 95-க்கும் நடுவில் குடியிருப்பது யார்? ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 26-ம்.

இது எனக்குத் தெரியாது. அதாவது கையேட்டில் படித்திருந்தேன், ஆனால் படித்ததையும் செய்கிற தவறையும் சேர்த்துப் பார்க்கிற வயது இல்லை. சம உயரக் கோடுகள் வரைகிற ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன், நிலப்படத்தில் மலையைச் சுற்றி வளையம் வளையமாக இருக்குமே, அது. உள்ளே ஒரு குறிப்பிட்ட கிளைக்குள், அதாவது ஒரு நிபந்தனை ஒத்துவந்தால் மட்டும் ஓடுகிற பகுதிக்குள், புரோகிராம் நுழைகிறதா என்று சந்தேகம். எல்லாரும் செய்வதைப் போல அந்த இடத்தில் ஓர் எழுத்தை அனுப்பும் 'புட்சார்' ஃபங்ஷன் ஒன்றைப் போட்டு, 'கே' என்ற பெரிய எழுத்தை அனுப்பச் சொன்னேன். ஓடவிட்டேன். திரையில் எங்கும் 'கே' இல்லை. ஆகவே அந்தக் கிளைக்குள் புரோகிராம் போகவே இல்லை என்று முடிவு கட்டினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வளையங்களில் புதிதாக ஒரு வியாதி வந்திருந்தது: கோட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன முடிகள், எல்லாம் படுக்கைவாட்டில், பூரானுக்குக் கால் முளைத்ததைப் போல. அது என் கணக்கில் உள்ள பிழை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மதிப்பைக் கண்டுபிடிக்கிற இடத்தில் ஏதோ தவறுகிறது என்று நினைத்து அந்தக் கணக்கை இரண்டு வாரம் பிரித்துப் பிரித்து எழுதினேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். 'கே'-யின் எண் 75. கோடு நிலையில் இருக்கிற டெர்மினலுக்கு அது எக்ஸின் கீழ்ப்பாதி, மதிப்பு 75-இலிருந்து 64 போக 11. மற்ற மூன்று துண்டுகளும் பழையபடியே. ஆக, பேனா, அதாவது கோடு போடுகிற கதிர், அதே உயரத்தில் நின்றபடி பக்கவாட்டில் நகர்ந்து ஒரு கோடு போட்டது. கீழ்ப்பாதி மட்டும் மாறுவதால் அந்தக் கோடு 31 புள்ளிக்கு மேல் நீளவே முடியாது, ஒய் மாறாததால் படுக்கையாகத்தான் இருக்க முடியும். என் பூரான் கால்கள் ஒவ்வொன்றும் நான் தேடிய 'கே'-தான். என் கேள்விக்குத் திரை பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அதை வேறு வியாதி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூடப் படித்த நண்பன் ஒருவன் இதே புரோகிராமைத் தன் வழியில் சோதித்தான், அவன் சின்ன எழுத்து 'கே' போடுகிறவன். அவனுக்குப் பூரான் கால் ஒன்றும் வரவில்லை, ஆனால் எப்போதாவது ஒருமுறை வளையத்திலிருந்து ஒரு முள் மேலேயோ கீழேயோ நீட்டிக்கொண்டு நின்றது. இது இன்னும் வேடிக்கை. சின்ன எழுத்துகள் 96-க்கு மேலே, அதாவது ஒய்-யின் கீழ்ப்பாதி. அது வந்துவிட்டால், அடுத்து வரும் மேல்பாதி எக்ஸுடையது என்று டெர்மினல் எடுத்துக்கொள்ளும். அடுத்த புள்ளிக்காக லைப்ரரி (கோடு போடுவதற்கான தயார் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒழுங்காக அனுப்பிய ஒய்-யின் மேல்பாதி இப்படி எக்ஸின் கணக்கில் போய்த் தொலைந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் அந்த மேல்பாதி ஒன்றாகவே இருப்பதால் ஒன்றும் தெரியாது, அது மாறுகிற எல்லையில் மட்டும் பேனா 32 புள்ளி தப்பிப் போய் அடுத்த புள்ளிக்குள் திரும்பிவிடும். ஒரே புரோகிராம், ஒரே தவறு, ஆளுக்கு ஒரு நோய். இரண்டு பேரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துவிட்டு, உன்னுடையது வேறு பக் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எழுத்தோடு சேர்த்துப் புதுவரியும் அனுப்புகிறவர்கள் கதை தனி. 13 என்ற எண் போனால் அந்த டெர்மினல் தானாகவே எழுத்து நிலைக்கு வந்துவிடும், அதற்கப்புறம் வருகிற புள்ளிகள் எல்லாம் எழுத்தாக, கேள்விக்குறியும் எண்ணுமாகத் திரையில் கொட்டும். அது உடனே தெரிந்துவிடுகிற தவறு, ஆகவே நல்ல தவறு.

சரி, எப்படி எழுத வேண்டும்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டெர்மினல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பேனா கடைசியாக நின்ற இடம் எது, இந்த இரண்டையும் லைப்ரரி தன்னிடம் வைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் வைத்திருக்கும். நம்முடைய ஃபங்ஷன் முதலில் 31-ஐ அனுப்பி எழுத்து நிலைக்குக் கொண்டுவருகிறது, அப்புறம் அந்த ஓர் எழுத்து, அப்புறம் 29-ஐ அனுப்பி மறுபடி கோடு நிலை, கடைசியில் பேனா நின்ற இடத்தின் நான்கு பைட். 29-க்கு அடுத்து வருகிற முதல் புள்ளிக்கு டெர்மினல் கோடு போடாது, பேனாவைத் தூக்கிக்கொண்டுபோய் வைக்க மட்டும் செய்யும், ஆகவே திரும்பிப் போன தடம் இருக்காது. ஓர் எழுத்துக்கு மொத்தம் ஏழு பைட். நொடிக்கு 9600 பிட் போகிற லைனில் பைட்டுக்குப் பத்து பிட் என்று கணக்குப் போட்டால் ஏழு மில்லிநொடிக்குச் சற்று மேல், அதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. 300 பிட் லைன் என்றால் கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆயிரம் தடவை சுற்றுகிற லூப்புக்குள் போட்டுவிட்டால் நான்கு நிமிடம் எழுத்து மட்டும் விழுந்துகொண்டிருக்கும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு, இன்றைக்கும் சறுக்குகிறார்கள். லைப்ரரி தன் பைட்டுகளைத் தனி பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும். நாம் எழுத்தை வேறு வழியில், பிழைச் செய்திகளுக்கென்று உள்ள ஸ்டாண்டர்டு எரரில் அனுப்பினால், அது பஃபரில் காத்திருக்காமல் முந்திக்கொண்டு ஓடிவிடும். ஒரு புள்ளியின் நான்கு பைட்டில் இரண்டு போய், மீதி இரண்டு பஃபரில் நிற்கும்போது நம் எழுத்து நடுவில் புகுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே முதல் வேலை லைப்ரரியின் பஃபரைக் காலி செய்வது, கடைசி வேலை நம்முடையதையும் காலி செய்வது. கடைசியை மறந்தால், புரோகிராம் செத்துப்போகும்போது பஃபரில் இருக்கிற எழுத்தும் கூடவே போய்விடும், நாம் அது சாவதற்கு வெகு முன்னால் உள்ள வரியைப் பார்த்துக்கொண்டிருப்போம். புரோகிராமின் வழக்கமான வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்டு அவுட்புட் டெர்மினலுக்குப் போனால் வழக்கமாக வரிக்கு வரி காலியாகும், ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் பஃபர் நிறைந்தால்தான் காலியாகும் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் ஓர் இடத்தில் சாகிற புரோகிராம் ஃபைலில் வேறோர் இடத்தில் செத்ததைப் போலத் தோன்றுவது இதனால்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, எழுத்துகளை ஒரு ஃபைலில் எழுதிவிட்டு அப்புறம் படிக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஃபைல் சொல்வது எப்போது நடந்தது என்பதை, படத்தின் மேல் விழுகிற எழுத்து சொல்வது எங்கே நடந்தது என்பதை. 31 போனதும் டெர்மினல் எழுத்தை எங்கே வைக்கும் தெரியுமா? பேனா கடைசியாக நின்ற அதே புள்ளியில். வரைபடங்களில் பெயர் எழுதுவதற்காக அப்படி அமைத்தது, பக் தேடுகிறவனுக்கு அது வரமாக அமைந்துவிட்டது.

ஃபங்ஷனைச் சரியாக எழுதிய பிறகு அதே வளையப் புரோகிராமில் அதை வைத்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அந்த வளையங்களை வரைவோம். ஒரு கட்டத்தின் நான்கு மூலையில் எதிரெதிர் மூலை இரண்டு உயரமாகவும் மற்ற இரண்டு தாழ்வாகவும் இருந்தால் கோடுகளை இரண்டு விதமாகச் சேர்க்கலாம், எது சரி என்று கட்டத்துக்குத் தெரியாது, மலைக்கணவாய் மாதிரியான இடம் அது. அந்தக் கிளையில் 'எஸ்' போட்டேன். நியாயமாகப் பார்த்தால் படம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்க வேண்டும். ஓடவிட்டால் 'எஸ்' எல்லாம் படத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வரிசைகட்டி நின்றன. பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டேன். லூப் ஒரு கட்டம் அதிகமாகச் சுற்றுகிறது, வரிசை முடிந்தும் நிற்காமல் அடுத்த வரிசையின் முதல் எண்ணை எடுத்து மூலையாக வைத்துக்கொள்கிறது. அதே விவரம் ஃபைலில் 'எஸ் எஸ் எஸ் எஸ்' என்று ஒரு வரியாக இருந்திருக்கும். டீபக்கரில் பிரேக்பாயிண்ட், அதாவது நிறுத்துமிடம், வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் நின்று நின்று எண்களைக் காட்டியிருக்கும், அவை எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன என்பதை நான்தான் தாளில் குறித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

டீபக்கரைக் குறை சொல்லவில்லை, தினமும் பயன்படுத்தியவன்தான். ஆனால் அதுவும் அதே டெர்மினலில்தானே பேச வேண்டும்? டெர்மினல் கோடு நிலையில் இருக்கும்போது புரோகிராமை நிறுத்தினால், டீபக்கர் தன் கேள்வியையும் எண்களையும் அதே லைனில் அனுப்பும், புதுவரி ஒன்று வரும்வரை அவையும் படத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். ஜிடிபி என்ற டீபக்கரில் புரோகிராமின் போக்குவரத்தை வேறொரு டெர்மினலுக்குத் திருப்பிவிட 'டிடிஒய்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. இரண்டாவது திரை இருப்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். பிசி காலத்தில் சிலர் கறுப்பு வெள்ளை கார்டு ஒன்று, கலர் கார்டு ஒன்று என்று ஒரே மெஷினில் இரண்டையும் செருகி, படம் ஒரு திரையில், எழுத்து இன்னொரு திரையில் என்று வைத்திருந்தார்கள். இரண்டு கார்டுக்கும் நினைவக முகவரி வேறு வேறு என்பதால் மோதிக்கொள்ளாது. அழகான ஏற்பாடு, ஆனால் 'எங்கே' என்ற கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் அந்தப் பச்சைத் திரையைப் பார்க்கிறார்கள் என்று தோன்றலாம். எக்ஸ்டெர்ம், ஃபூட் மாதிரி இன்றைய டெர்மினல்களில் சிக்செல் என்ற முறையில் படம் காட்டலாம். அதில் 63 முதல் 126 வரையுள்ள ஒவ்வோர் எழுத்தும் செங்குத்தாக ஆறு புள்ளிகள். படத்தின் பைட்டுகள் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் 'ஏ' என்ற பெரிய எழுத்தை அனுப்பினால் 65-இல் 63 போக 2, அதாவது மேலிருந்து இரண்டாவது புள்ளி ஒன்று எரியும், அந்த ஆறு புள்ளி உயரப் பட்டையில் மீதி எல்லாம் ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போகும். பார்க்கிறவர் தன் பட மாற்றிக் கணக்கில் பிழை என்று நினைத்து அதைப் பிரித்து உட்காருவார். எனக்கு அவரைத் தெரியும், அவர் நான்தான்.

டெர்மினலே இல்லாமல் புள்ளிகளை நேராக நினைவகத்தில் எழுதுகிறவர்கள் எழுத்தையும் தாங்களே வரைய வேண்டும். எட்டுக்கு எட்டு எழுத்துரு என்றால் ஓர் எழுத்துக்கு எட்டு பைட், பிட் ஒன்றாக இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. நிறத்தை அப்படியே எழுதாமல் எக்ஸ்ஆர் செய்து, அதாவது இருக்கிற பிட்டுகளைப் புரட்டி, எழுதினால் அதே எழுத்தை அதே இடத்தில் இரண்டாம் தடவை எழுதும்போது அது மறைந்து பழைய படம் திரும்பிவிடும், 4010-இல் எங்களுக்குக் கிடைக்காத வசதி. நடுச் சாம்பல் நிறத்தில் மட்டும் ஏமாந்துபோவீர்கள், 128-ஐ 255-ஓடு எக்ஸ்ஆர் செய்தால் 127, எழுத்து விழுந்தும் விழாத மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'எழுத்தை அனுப்பும் ஃபங்ஷன்' என்று வசதிக்காகச் சொல்கிறோமே தவிர 'புட்சார்' அனுப்புவது ஒரு பைட்டை. நம் 'க' இன்றைய முறையில் 224, 174, 149 என்று மூன்று பைட். தமிழில் சேதி போட ஆசைப்பட்டு 'புட்சார்' ஒன்றை மூன்றாகப் போடும்போது, நடுவில் வேறு ஏதாவது புகுந்தால் கிடைப்பது 'க' அல்ல, கட்டமும் கேள்விக்குறியும்தான். பக் தேடுகிற இடத்தில் ஆஸ்கியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம், தமிழ்ப்பற்றைக் காட்ட வேறு இடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு புரோகிராமர்

பி.கு.: கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில், சொந்தமாக எழுத்துரு வரைகிறவர்கள் முதலில் 'ஏ' என்ற பெரிய எழுத்தை வரைந்து சோதித்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தீர்கள். அந்த எழுத்து இடமும் வலமும் ஒன்றாக இருப்பது. பிட்டுகளைத் தப்பான பக்கத்திலிருந்து படித்து எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதைப் போலத் திரும்பி விழுந்தாலும் 'ஏ' மட்டும் யோக்கியமாக நிற்கும். 'எச்', 'ஓ', 'எக்ஸ்' இன்னும் மோசம், தலைகீழாகப் போனாலும் காட்டிக்கொடுக்காது. அடுத்த முறை 'எஃப்' என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள்.